ஓரத்தில் அளந்த பத்து தவு

கச்சிராயபாளையத்தைத் தாண்டி மலைக்குத் திரும்புகிற சாலையில், புளியமரத்துக்கு எதிரே ஒரு தகரப் பட்டறை இருக்கிறது. பெயர்ப் பலகை எதுவும் கிடையாது. ஆனால் வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுகிற எவனைக் கேட்டாலும் "பிரேக் பொன்னுரங்கமா? தோ அங்க" என்று கை காட்டுவான். பிரேக்கைத் தவிர வேறு எதையும் தொடமாட்டான் பொன்னுரங்கம். இன்ஜின் புகைக்கிறது, ஹாரன் அடிக்கவில்லை என்று யாராவது வந்தால் போதும், "அதுக்கு வேற ஆளு இருக்கான், என் உயிர எடுக்காத" என்று விரட்டிவிடுவான். கோபம் அவனுக்கு மூக்கு நுனியிலேயே குடியிருந்தது.

சின்னசேலம் பக்கத்தில் அடுத்தவர் காட்டில் கரும்பு வெட்டிப் பிழைத்த குடும்பம் அவனுடையது. வெயிலில் குனிய முடியாது என்று பதினாறு வயதிலேயே சேலத்துக்கு ரயிலேறி, லாரிப் பட்டறை ஒன்றில் சேர்ந்தான். அங்கேதான் ஃபில்லர் கேஜ் என்கிற சாமானை முதன்முதலாகப் பார்த்தான். விசிறி மாதிரி விரியும் மெல்லிய எஃகுத் தகடுகளின் கட்டு அது. ஒவ்வொரு தகட்டின் மேலும் அதன் கனம் பொறித்திருக்கும். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்குக்குப் பட்டறையில் 'தவு' என்று பெயர். இரண்டு இரும்புக்கு நடுவில் எந்தத் தகடு இறுக்கமும் இல்லாமல் தொளதொளப்பும் இல்லாமல் இழுபட்டுக்கொண்டு போய் வருகிறதோ, அதுதான் அங்கே உள்ள இடைவெளி. பையனுக்கு அது பிடித்துப்போயிற்று. அப்படியும் இப்படியும் பேசுகிற மனிதர்களுக்கு நடுவில், பத்து என்றால் பத்துதான் என்று அடித்துச் சொல்ல ஒரு சாமான் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டான்.

அந்தக் கிறுக்கு அவனை விட்டுப் போகவே இல்லை. கல்யாணமாகிப் புதுவீட்டுக்குக் குடிபோன அன்றைக்கு, பால் பொங்குவதற்குள் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் தகட்டை விட்டுப் பார்த்துத் தச்சனோடு சண்டைக்குப் போனான். அவன் மனைவி தேவிப்ரியா அதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். "ஏங்க, நமக்கு நடுவுல எத்தினி தவு இருக்குது, அத்தயும் அளந்து சொல்லிடுங்களேன்" என்பாள். அவனும் விறைப்பாக, "உனுக்கு வாய் ஜாஸ்தி" என்பான். ஆனால் மூஞ்சி மட்டும் மலர்ந்திருக்கும்.

தேவிப்ரியா கிராமச் செவிலியர். வெள்ளிமலைக்கும் அந்தப் பக்கம் மலையூர்களில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதும் கர்ப்பிணிகளைப் பார்ப்பதும் அவள் வேலை. காலையில் பஸ்ஸில் ஏறிப் போவாள். சாயங்காலம் பஸ்ஸை நம்ப முடியாது என்பதால் மாயவன் ஜீப்பில்தான் இறங்குவாள். மாயவன் மலைக்காரன், பொன்னுரங்கத்தின் வயதுதான். நல்ல மனுஷன், நல்ல ஓட்டுநர். அவனிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் மலை ஜீப்காரர்கள் எல்லாரிடமும் இருந்ததுதான். இறக்கம் தொடங்கியதும் சாவியைத் திருகி இன்ஜினை அணைத்துவிட்டு, கியரை நடுவில் போட்டுவிடுவார்கள். டீசல் மிச்சம். மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரை வண்டி சும்மா உருண்டே வந்துவிடும், பாரம் மொத்தமும் பிரேக்கின் தலையில்தான். பொன்னுரங்கம் தொண்டை கிழியக் கத்திப் பார்த்தான். "நீ பிரேக்க பாரு மெக்கானிக்கே, உன் பிரேக்கு இருக்கறப்ப எங்களுக்கு இன்னா பயம்?" என்று அவர்கள் சிரித்தார்கள். அந்தப் புகழ்ச்சியில் அவனும் கொஞ்சம் குளிர்ந்துதான் போனான். அதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும்.

இந்த ஆடியில் மலைமேல் கோயில் திருவிழா. ஜீப்புகள் ஓய்வில்லாமல் ஏறி இறங்க வேண்டும். திருவிழாவுக்கு முந்தின வாரம் ஒருவர் பின் ஒருவராகப் பட்டறை வாசலில் வந்து நின்றார்கள். முதலில் மாயவன், அப்புறம் அருள், அப்புறம் கண்ணாயிரம். எல்லாருக்கும் ஒரே நோய், ஷூவின் மேல் ஆணியடித்துப் பொருத்தியிருக்கும் லைனிங் பட்டை தேய்ந்து ஆணி தெரிந்தது. சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புச் சட்டிக்கு டிரம் என்று பெயர். பிரேக்கை மிதித்தால் அதற்குள்ளே இருக்கிற ஷூ விரிந்து டிரம்மின் உள்சுவரைப் பிடிக்கும். மிதிக்காதபோது இரண்டுக்கும் நடுவில் பத்து தவு இடைவெளி இருக்க வேண்டும். கம்மியானால் உரசிச் சூடேறும். ஜாஸ்தியானால் மிதி தரைக்குப் போகும்.

வழக்கமாகப் புது லைனிங் போடுவதற்கு முன்னால் டிரம்மைக் கழற்றி, கள்ளக்குறிச்சியில் லேத் வைத்திருக்கும் தமிழழகனிடம் கொடுத்து உள்சுவரைக் கடைந்து சமமாக்கி வாங்குவான். அந்த வாரம் தமிழழகன் தங்கச்சி கல்யாணத்துக்காக லேத்தைப் பூட்டிவிட்டுத் திருக்கோவிலூர் போயிருந்தான். வேறு லேத்துக்கு அனுப்பலாம், ஆனால் பொன்னுரங்கத்துக்கு அடுத்தவன் கைவேலை பிடிக்காது. ஜீப்காரர்களோ, "ண்ணா, நாளைக்கு சவாரி இருக்குது, எதுனா பண்ணுண்ணா" என்று காலில் விழாத குறையாக நின்றார்கள். சரி, ஒரு தடவை கடையாமல் போட்டால் குடியா முழுகிவிடும், இடைவெளியைச் சரியாக வைத்துவிட்டால் போச்சு என்று நினைத்தான்.

மாட்டினான். டிரம்மின் முகத்தில் தகடு விடுவதற்கென்றே சின்னதாக ஒரு துவாரம் உண்டு. அதன் வழியாகப் பத்து தவுத் தகட்டை உள்ளே விட்டான். அழகாக இழுபட்டுக்கொண்டு போய் வந்தது. நாலு சக்கரத்திலும் பத்து. மூன்று வண்டியிலும் பத்து. மிதித்துப் பார்த்தால் கல் மாதிரி நின்றது. டிரம்மைத் துடைக்கும்போது விரல் நகத்தில் ஓரமாக ஏதோ படி மாதிரி தட்டியதென்னவோ உண்மை. மலைச் செம்மண் தூசி தின்ற டிரம், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டான்.

திருவிழா முடிகிற நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, சும்மா உட்கார முடியாமல் மூலையில் கிடந்த பழைய டிரம் ஒன்றை எடுத்து மடியில் வைத்தான். அதுவும் மலை ஜீப்பில் ஓடிய டிரம்தான். உள்சுவரின் மேல் இரும்பு ஸ்கேலின் விளிம்பைக் குறுக்கே நிறுத்தி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தான். ஸ்கேல் இரண்டு ஓரத்திலும் உட்கார்ந்திருந்தது. நடுவில், அதன் அடியில், பிறை மாதிரி வெளிச்சம் தெரிந்தது.

ஃபில்லர் கேஜை எடுத்தான். அந்த வெளிச்சத்துக்குள் பத்துத் தகட்டை விட்டான். எங்கேயும் தொடாமல் போயிற்று. இருபதைச் சேர்த்து விட்டான், போயிற்று. இன்னும் இரண்டு தகட்டைச் சேர்த்து, கட்டு கனத்த பிறகுதான் பிடித்தது. அறுபது தவு பள்ளம்.

அன்றைக்கு நகத்தில் தட்டிய படி இதுதான், அந்த மூன்று வண்டியிலும் இதே பள்ளம்தான் இருக்கும். புதிதாக வாங்கிய லைனிங் பழையதைவிட ஒரு இழை அகலம். அது பள்ளத்துக்குள் இறங்கவே இல்லை, தேயாமல் நின்ற ஓரத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. தகடு விடும் துவாரமும் ஓரத்தில்தான். அவன் அளந்தது முழுக்க அந்த ஓரத்தைத்தான். கேஜ் பொய் சொல்லவில்லை, அது பத்து என்று சொன்ன இடத்தில் பத்துதான் இருந்தது. நடுவில் ஷூ காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. முழுப் பாதமும் ஊன்றாமல் பாதத்தின் விளிம்பில் நின்றுகொண்டு ஒருவன் மூட்டை தூக்கினால் எப்படியோ, அப்படி. சமதரையில் ஒன்றும் தெரியாது. ஆளும் சாமானும் ஏற்றிக்கொண்டு, இன்ஜினையும் அணைத்துவிட்டு மலையிறங்கினால், அந்த இழையளவு ஓரம்தான் மொத்தப் பாரத்தையும் தாங்க வேண்டும். அது சூடேறிக் கருகிவிட்டால், அப்புறம் மிதிக்கிற காலுக்கு அடியில் எதுவுமே இருக்காது.

தேவிப்ரியாவுக்குப் போன் போட்டான். தொடர்பு எல்லைக்கு வெளியே. மாயவனுக்குப் போட்டான். அதுவும் அப்படியே. மூன்று நாளாக மலையில் காற்றும் மழையும், டவர் படுத்துக் கிடந்தது. அருளுக்கும் கண்ணாயிரத்துக்கும் போட்டுப் பார்த்தான், இல்லை. பட்டறையைத் திறந்தபடியே விட்டுவிட்டு பைக்கை உதைத்தான்.

அடிவாரத்தில் வெயில் இருந்தது. முதல் வளைவு தாண்டியதும் வெயில் போய்விட்டது. அதற்கும் மேலே போகப் போக மூடுபனி ரோட்டின் குறுக்கே இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கிடையாது. திருவிழா நாளில் இந்த ரோட்டில் இவ்வளவு அமைதி எப்படி என்று அவனுக்கு ஒரு நொடி தோன்றியது. பிறகுதான் உறைத்தது. இறங்குகிற வண்டி எதுவும் சத்தம் போடாது.

அப்படித்தான் அந்த ஜீப் வந்தது. பனிக்குள்ளிருந்து முதலில் ஒரு மஞ்சள் விளக்கு, உடனே நீளமாக ஒரு ஹாரன். பொன்னுரங்கம் பைக்கை ஓரத்துக்கு ஒடித்தான். அருளுடைய வண்டி. உள்ளே நெருக்கிக்கொண்டு பெண்கள், மடியில் குழந்தைகள், பின்படியில் தொங்கிக்கொண்டு ஆட்கள். அருள் அவனைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

அந்த வண்டியிலும் பொன்னுரங்கம்தான் பத்து தவு வைத்தான். அது அவனுக்குத் தெரியாமல் இல்லை. 'நிறுத்து' என்கிற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. இங்கே நிறுத்தினால் ஏன் எதற்கு என்று கேட்பார்கள், அத்தனை பேரையும் இறக்க வேண்டும், சொல்லிப் புரியவைக்க வேண்டும். அதற்குள் மேலே மாயவன் சாவியைத் திருகிவிடுவான். முன்சீட்டில் தேவிப்ரியா. அருளுக்கு இன்னும் கொஞ்சம் வளைவுதானே பாக்கி, இவ்வளவு தூரம் வந்தவன் அதையும் இறங்கிவிடமாட்டானா? இதெல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் அவன் மனசுக்குள் ஓடி முடிந்துவிட்டது. தூக்கிய கையை அவன் நிறுத்தச் சொல்லிக் காட்டவில்லை. போ என்று காட்டினான். வண்டி அவனைக் கடந்து போனபோது மயிர் கருகுகிற மாதிரி ஒரு நாற்றம் வந்தது. அது என்ன நாற்றம் என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவன் அந்த மலையில் யாரும் கிடையாது. பாவி மனுஷன் பைக்கை முறுக்கி மேலே போனான்.

வெள்ளிமலையிலிருந்து இறக்கம் ஆரம்பிக்கிற இடத்தில் மாயவன் வண்டி நின்றிருந்தது. சக்கரத்துக்குக் கொடுத்த கல்லை எடுத்துப் பின்னால் போட்டுவிட்டு மாயவன் ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தான். பொன்னுரங்கம் பைக்கைக் குறுக்கே போட்டான். போட்டதில் பைக் சாய்ந்தே விழுந்தது.

"எறங்கு! எல்லாரும் எறங்குங்க! மாயவா, கல்ல குடு, சக்கரத்துக்கு கல்ல குடு!"

"யோவ், இன்னாய்யா ஆச்சு உனுக்கு? பேய் கீய் புடிச்சிடுச்சா?"

"பிரேக்கு சரியில்ல. உருட்டாத."

"நீதானய்யா போட்ட? பத்து தவு, படுசுத்தம்னு நீதான சொன்ன?"

"சொன்னேன். தப்பா சொல்லிட்டேன். ஓரத்துல வச்சி அளந்துட்டேன், நடுவுல பள்ளம். கையெடுத்துக் கும்புடறேன், எறங்குடா."

கையெடுத்துக் கும்பிட்டு அவனை அந்த மலையில் யாரும் பார்த்ததில்லை. மாயவன் இறங்கிச் சக்கரத்துக்குக் கல்லைக் கொடுத்தான். தேவிப்ரியாவும் இறங்கி வந்தாள், தோளில் தடுப்பூசிப் பெட்டி. புருஷன் கும்பிட்ட கையைப் பதறிப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சூடாக இருந்தது. அப்போதுதான் பொன்னுரங்கத்துக்கு மூச்சே வந்தது. பிழைத்தாள், பிழைத்தாள் என்று உள்ளே ஒரே சத்தம். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"சரி, சரி, ஒண்ணும் ஆவல இல்ல. விடுங்க" என்றாள். பிறகு ஏதோ நினைத்தவளாக, "இதே மாரி வேற யாருக்கெல்லாம் போட்டீங்க?" என்று கேட்டாள்.

"கண்ணாயிரத்துக்கு."

"அவுரு வண்டி கோயில்கிட்ட நிக்குது. அப்புறம்?"

"அருளுக்கு."

பிடித்திருந்த கையை அவள் விடவில்லை. ஆனால் பிடி மாறியது. "அருள் வண்டி எங்களுக்கு முன்னாடியே கெளம்பிடுச்சிங்களே. எதிர்ல பாக்கலியா?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்தப் பனியில் பத்தடி தள்ளி இருப்பதே தெரியவில்லை, பார்க்கவில்லை என்றால் யார் கேட்கப் போகிறார்கள்?

"பாத்தேன்" என்றான்.

தேவிப்ரியா கையை எடுத்துக்கொண்டாள். ஜீப்புக்குள்ளிருந்து மருந்துப் பையை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து, விழுந்து கிடந்த பைக்கின் பக்கத்தில் நின்றாள். மாயவன் கண்ணாயிரத்தைத் தடுக்கக் கோயில் பக்கம் ஓடினான். பொன்னுரங்கம் வண்டியைத் தூக்கி நிறுத்தினான்.

இறங்கும்போது அவள் அவன் தோளைப் பிடிக்கவில்லை, சீட்டின் பின்கம்பியைப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு வளைவிலும் அவன் பள்ளத்துப் பக்கமே பார்த்தான். தடுப்புச்சுவர் முழுசாக இருந்தது. அடுத்த வளைவிலும் முழுசாக இருந்தது. மனசு ஆசைப்பட ஆரம்பித்தது. இறங்கியிருப்பான், அடிவாரத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பான், போய் நாலு அறை விட வேண்டும் அவனை என்று எண்ணிக்கொண்டான். அப்போது அந்தக் கருகின நாற்றம் மறுபடி வந்தது, முன்னைவிடக் கனமாக. அதற்குப் பிறகு ஒரு குழந்தை விடாமல் அழுகிற சத்தம்.

அருள் புத்திசாலித்தனமாகத்தான் செய்திருந்தான். மிதி தரைக்குப் போனதும் பள்ளத்துப் பக்கம் விடாமல் வண்டியைப் பாறையில் கொண்டுபோய்ச் சாத்தியிருந்தான். அதனால்தான் இத்தனை பேர் ரோட்டோரமாக உட்கார்ந்து தலையையும் முட்டியையும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ராணியம்மாள் மட்டும் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. மலையூரில் தேவிப்ரியாவுக்குக் குழந்தைகளைக் கூட்டிவந்து உட்காரவைத்து உதவுகிற அம்மா அது. பாறையில் சாய்த்து வைத்திருந்தார்கள். தேவிப்ரியா கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தாள், ரொம்ப நேரம் வைத்துப் பார்த்தாள், பிறகு அந்த அம்மாவின் கண்களை மூடிவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் சிவரஞ்சனி அப்போதுதான் அலறினாள்.

அருளின் கால் நசுங்கியிருந்தது. வண்டிக்குள்ளிருந்து இழுத்து ரோட்டில் படுக்கவைத்திருந்தார்கள். பொன்னுரங்கத்தைப் பார்த்ததும் அந்தப் பிள்ளை எழுந்து உட்காரப் பார்த்தான்.

"ண்ணா... உன் பிரேக்கு மேல கொற இல்லண்ணா. மேல இருந்து கல்லு மாரி நின்னுச்சி. நான்தான் சாவிய அணைச்சிட்டேன். நீ எத்தினி தபா சொன்ன, நான் கேக்கல. போலீஸ் வந்தா நானே சொல்றேன், மெக்கானிக் மேல தப்பில்லன்னு."

சுற்றி நின்றவர்களும் தலையாட்டினார்கள். "அவுரு இன்னா பண்ணுவாரு பாவம். பசங்க ஓட்டுற ஓட்டு அப்பிடி" என்றார் ஒரு பெரியவர். யாரோ அவனுக்குக் குடிக்கத் தண்ணீர்கூட நீட்டினார்கள். பொன்னுரங்கத்துக்கு வேண்டியது எல்லாம் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. பேசாமல் நின்றால் போதும். அந்த இடத்தில் அவனைத் தவிர விஷயம் தெரிந்தவள் ஒருத்திதான், அவள் அருளின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் நிமிரவே இல்லை.

தண்ணீரை வாங்கவில்லை அவன்.

"சாவி மேல பழி போடாத அருளு" என்றான். குரல் அவனுக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. "கடையாத டிரம்முல போட்டேன். ஓரத்த அளந்துட்டு பத்துன்னு சொல்லிட்டேன். நீ சாவிய போட்டு வந்திருந்தாலும் இன்னிக்கி இல்லன்னா நாளைக்கி உட்டிருக்கும்."

சிவரஞ்சனி அழுகையை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள். முகமெல்லாம் மண்.

"எதிர்ல பைக்குல நின்னுது நீதான? எங்க அம்மா சொல்லிச்சு, நர்சம்மா ஊட்டுக்காரரு கைய காட்டுறாருன்னு. அப்பவே உனுக்கு தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சேவா வழி உட்ட?"

தேவிப்ரியாவின் கை கட்டுத்துணியின் மேல் அப்படியே நின்றது. பொன்னுரங்கம் அந்தப் பெண்ணின் எதிரே ஈர ரோட்டில் உட்கார்ந்தான்.

"ஆமாம்மா" என்றான்.